கையில் ஒரு ரஜூலா – 9: எண்ணிக்கை பிசகக் கூடாத படகுகள்

சென்ற வாரம் கப்பலின் உடற்பகுதிக்கு வண்ணம் பூசி, தளங்களைப் பொருத்தி முடித்தோம். புகைபோக்கியும் நின்றுவிட்டது. கறுப்பு நிறத்தின் நடுவே சுற்றியோடும் இரண்டு வெள்ளைப் பட்டைகளைப் பார்த்ததும் இது பி.ஐ. கம்பெனிக் கப்பல் என்று பழையவர்கள் சொல்லிவிடுவார்கள். ஆனால் எந்தக் கப்பல் என்று சொல்ல இன்னும் முடியாது. அந்தக் கம்பெனிக்கு நூற்றுக்கணக்கான கப்பல்கள் இருந்தன. ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரித்துக் காட்டுபவை தளத்தின் மேலுள்ள சிறு பொருள்கள்தாம்: உயிர்காப்புப் படகுகள், அவற்றைத் தாங்கும் வளைந்த கைகள், காற்றுக் குழாய்கள், கம்பித் தடுப்புகள், பக்க ஏணி, நங்கூரச் சங்கிலி. இந்த வாரம் அவற்றைச் செய்வோம்.

இடையில் சேர்ந்த வாசகர்களுக்காகச் சுருக்கமாக: எஸ்.எஸ். ரஜூலா 1926இல் கிளாஸ்கோவின் பார்க்ளே கர்ல் கப்பல் கட்டும் தளத்தில் உருவானது. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் (பி.ஐ.) கம்பெனிக்காகச் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்ற வழியில் பல பத்தாண்டுகள் ஓடியது. 1973இல் இந்தியக் கப்பல் கழகம் அதை வாங்கி 'ரங்கத்' என்று பெயர் மாற்றியது. அடுத்த ஆண்டே அது மும்பையில் உடைக்கப்பட்டது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பாட்டனோ பாட்டியோ இந்தக் கப்பலில் வந்து இறங்கியவர்களாக இருப்பார்கள். அப்படிப்பட்ட கப்பலின் மாதிரிப் பெட்டியை நான் பார்த்த எந்தப் பொம்மைக் கடையிலும் விற்கவில்லை. டைட்டானிக் கிடைக்கிறது, பிஸ்மார்க் கிடைக்கிறது. ரஜூலா வேண்டுமென்றால் ஒவ்வொரு ஆணியையும் நாமே செய்தாக வேண்டும்.

கணக்கு முதலில்

உண்மையான கப்பலின் நீளம் சுமார் 145 மீட்டர். நாம் 200இல் ஒரு பங்கு அளவில் செய்வதால் மாதிரியின் நீளம் 72 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் வரவேற்பறை அலமாரியில் நிறுத்த இது சரியான அளவு. ஆனால் கப்பல் அலமாரியில் அடங்கும்போது அதன் சில்லறைப் பொருள்கள் கண்ணுக்கே எட்டாத அளவுக்குச் சுருங்கிவிடுகின்றன.

ஐந்தடி ஏழங்குல மனிதர் 8.5 மில்லிமீட்டர் ஆகிவிடுவார். ஒரு மீட்டர் உயரக் கம்பித் தடுப்பு 5 மில்லிமீட்டர். ஓரடி விட்டமுள்ள வட்டச் சாளரம் 1.5 மில்லிமீட்டர். தடுப்பின் செங்குத்துக் கம்பி 4 சென்டிமீட்டர் தடிமன் என்றால் நமக்கு 0.2 மில்லிமீட்டர் கம்பி வேண்டும். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவையுங்கள். மாதிரிக் கப்பல்கள் பொம்மைபோலத் தோன்றுவதற்கு முதற்காரணம் தடிமன்தான். கை வசதிக்காக 0.5 மில்லிமீட்டர் கம்பியில் தடுப்பைச் செய்தால், உண்மைக் கப்பலில் அது பத்து சென்டிமீட்டர் குழாயாகிவிடும். எந்தப் பயணியும் அதைக் கையால் சுற்றிப் பிடித்திருக்க முடியாது.

அளவுகள் எங்கே கிடைக்கும்? பி.ஐ. கம்பெனி 1914இல் பி அண்ட் ஓ குழுமத்தோடு இணைந்தது. அந்தக் குழுமத்தின் மரபுடைமைப் பிரிவு பல கப்பல்களுக்குத் தகவல் தாள் வைத்திருக்கிறது. நீள அகலங்களுக்கு அது போதும். சில்லறைப் பொருள்களுக்குப் புகைப்படம்தான் துணை. படத்தில் காற்றுக் குழாயின் பக்கத்தில் ஒருவர் நின்றால் அவர்தான் நம் அளவுகோல். அவர் உயரத்தையும் குழாயின் உயரத்தையும் படத்தில் அளந்து விகிதம் போட்டால் போதும். ஆள் இல்லாத படத்தில் கதவு உதவும். அளக்கும் பொருளும் அளவுகோலும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

காற்றுக் குழாய்கள்

வாய் அகன்று, கழுத்து வளைந்து நிற்கும் குழாய்களை அக்காலக் கப்பல் படம் எதிலும் பார்க்கலாம். மின்விசிறிகள் பரவலாவதற்கு முன் கீழ்த்தளங்களுக்கும் இயந்திர அறைக்கும் காற்று போன வழி இவைதான். மாலுமிகள் இவற்றைக் கையாலேயே காற்றுத் திசைக்குத் திருப்பிவைப்பார்கள். கட்டப்பட்ட காலத்தில் ரஜூலாவுக்கு 5,000-க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றும் உரிமம் இருந்தது. தளப் பயணி என்றால் அறையும் கட்டிலும் இல்லாதவர். பாயை விரித்த இடமே அவர் இடம். வங்கக் கடலின் புழுக்கத்தில் கீழ்த்தளத்தில் படுத்துக் கிடந்தவர்களுக்கு இந்தக் குழாய் வழியே வந்ததுதான் மூச்சுக் காற்று. இதைத் தெரிந்துகொண்டு செய்யும்போது, இரண்டைக் குறைத்துவிடலாம் என்று கை சோம்பாது.

செய்முறை எளிது. ஒரு மீட்டர் இருபது சென்டிமீட்டர் விட்டமுள்ள வாய் நமக்கு 6 மில்லிமீட்டர். மிதிவண்டிக் கடையில் கிடைக்கும் 6 மில்லிமீட்டர் எஃகுக் குண்டு ஒன்றை மரக்குச்சியின் முனையில் ஒட்டுங்கள். கால் மில்லிமீட்டர் பிளாஸ்டிக் அட்டையைத் துளையிட்ட ஒட்டுப்பலகையின்மேல் பதித்து, மெழுகுவத்திச் சுடருக்கு மேலே சற்றுத் தூக்கிப் பிடியுங்கள். அட்டை தளர்ந்து பளபளக்கத் தொடங்கியதும் குண்டைத் துளைக்குள் அழுத்தினால் அரைக்கோளம் கிடைக்கும். அதை வெட்டி, 3 மில்லிமீட்டர் பித்தளைக் குழாயின் சாய்வாக அறுத்த முனையில் ஒட்டி, இணைப்பைப் பட்டியால் நிரப்பித் தேய்த்தால் கழுத்தும் வாயும் ஒன்றாகிவிடும். உண்மையான குழாயின் தகடு சில மில்லிமீட்டர்தான். ஆகவே வாயின் விளிம்பை உட்புறமாகத் தேய்த்து, கத்தி முனைபோல மெலியவிடுங்கள். பார்ப்பவர் கண் முதலில் போவது அந்த விளிம்புக்குத்தான்.

பொருத்தும்போது எல்லா வாய்களையும் ஒரே பக்கம் பார்க்க வைக்காதீர்கள். காற்றை உள்ளே வாங்குபவை காற்றை எதிர்கொள்ளும். வெப்பத்தை வெளியே விடுபவை அதற்கு முதுகைக் காட்டும். நம் மாதிரி, நாகப்பட்டினத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் ரஜூலா. நங்கூரமிட்ட கப்பல் பெரும்பாலும் காற்றுக்கு முகம் கொடுத்தே நிற்கும். ஆகவே உள்வாங்கும் குழாய்கள் முன்பக்கம் பார்க்க வேண்டும்.

கம்பி இழுத்தல்

0.2 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை. பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸின் ஓவியப் பொருள் கடைகளில் தடித்த கம்பியும் குழாயும் பிளாஸ்டிக் அட்டையும் கிடைக்கும். சிம் லிம் டவரில் எனாமல் பூசிய செப்புக் கம்பியும் நுண்துளைக்கான துரப்பண முனைகளும் கிடைக்கும். மெல்லிய பித்தளைக் கம்பிக்கு வழி காட்டியவர் தேக்காவில் நகைப் பட்டறை வைத்திருக்கும் ஓர் ஆசாரி. எஃகுத் தகட்டில் வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போகும் துளைகள் உள்ள கம்பியச்சை எடுத்துக் காட்டினார்.

"தம்பி, இழுக்கிறதுக்கு முந்தி கம்பியக் காய்ச்சி ஆறப்போடணும். ரெண்டு மூணு துளை இழுத்ததும் விறைச்சுக்கும். திரும்பக் காய்ச்சணும். அவசரப்பட்டா அறுந்துடும்."

"எத்தனை துளை வரைக்கும் இழுக்கலாம் ஐயா?"

"உங்க பொறுமை எத்தனை துளையோ, அத்தனை துளை."

அவர் சொன்னது உலோகவியல். பித்தளையை அச்சில் இழுக்கும்போது அதன் படிகங்கள் நசுங்கி இறுகுகின்றன. சூடேற்றினால் புதிய படிகங்கள் உருவாகி மறுபடி இளகுகிறது. தாலிக்கொடிக்குத் தங்கக் கம்பி இழுக்கும் அதே முறை நம் கம்பித் தடுப்புக்கும் பொருந்தியது.

பற்றவைப்பதிலும் நகைப் பட்டறையிடம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஒரே நகையில் பல இணைப்புகள் இருந்தால் ஆசாரிகள் முதல் இணைப்புக்கு அதிகச் சூட்டில் உருகும் பற்றாசையும், அடுத்ததற்குக் குறைந்த சூட்டில் உருகுவதையும் வைப்பார்கள். இரண்டாவதைச் சூடேற்றும்போது முதலாவது கழன்றுவிடாது. நமக்கு வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்றாசு சுமார் 183 பாகை செல்சியஸில் உருகும். வெள்ளீயமும் பிஸ்மத்தும் கலந்தது 138 பாகையில் உருகும். தடுப்பின் நேர்க் கம்பிகளை முதலாவதால் பற்றவையுங்கள். மூலைகளையும் வாயில்களையும் இரண்டாவதால் முடியுங்கள்.

தடுப்பு செய்ய ஒரு மரக்கட்டை போதும். அதில் 7.5 மில்லிமீட்டருக்கு ஒன்றாக மெல்லிய ரம்பத்தால் கீறல் போட்டு, செங்குத்துக் கம்பிகளை அவற்றில் படுக்கவையுங்கள். கட்டையின் இரு முனைகளிலும் ஊசிகளை அடித்து, மூன்று குறுக்குக் கம்பிகளை இழுத்துக் கட்டுங்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் பிளக்ஸ் தொட்டு, சால்டரிங் முனையை ஒரு கணம் வைத்து எடுங்கள். முடிந்ததும் வினிகரில் கழுவித் துடைத்த பிறகே வண்ணம் பூசுங்கள். எண்ணெய்ப் பிசுக்குள்ள பித்தளையில் வண்ணம் நிற்காது. தூய வெள்ளையும் வேண்டாம். தொலைவில் தெரியும் கப்பலின் வெள்ளை சற்று மங்கியே இருக்கும்; சிறிதளவு சாம்பல் கலந்தால் மாதிரிக்கு அந்தத் தொலைவு கிடைத்துவிடும்.

சிங்கப்பூரின் ஈரக்காற்றையும் மனத்தில் வையுங்கள். பருத்தி நூல் ஈரத்தை வாங்கி ஒருநாள் தளரும், இன்னொரு நாள் இறுகும். கயிறுகளுக்கு மெல்லிய செப்புக் கம்பியோ பாலியெஸ்டர் இழையோ நல்லது. சூப்பர் குளூ இங்கே சீக்கிரம் இறுகும். அதன் ஆவி கண்ணாடிபோன்ற பாகங்களில் வெள்ளையாகப் படியும். எனவே வட்டச் சாளரங்களுக்கு அது கூடாது. துளையில் வெள்ளைப் பசையை ஒரு சொட்டு நிரப்பிவிட்டால் காய்ந்ததும் தெளிந்து கண்ணாடியாகிவிடும்.

படகுகள்

இனி இந்த வாரத்தின் தலையாய வேலை. அக்காலப் பயணிக் கப்பல்களில் 26, 28 அடிப் படகுகள் வழக்கமானவை. நம் அளவில் 4 சென்டிமீட்டருக்குச் சற்று முன்பின். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செதுக்கினால் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. நல்ல மரத்தில் ஒரே ஒரு படகின் அச்சைச் செதுக்கி, காற்றுக் குழாயின் வாய்க்குச் செய்ததுபோலவே சூடான பிளாஸ்டிக் அட்டையில் அழுத்தி, எத்தனை வேண்டுமோ அத்தனை எடுங்கள். மேலே போர்த்தும் கான்வாஸுக்கு மெல்லிய டிஷ்யூ தாளை நீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்துப் படியவிட்டால், துணி இழுத்துக் கட்டிய சுருக்கங்கள் தாமே விழும்.

படகைத் தாங்கும் கைகள் அடியில் தடித்து நுனியில் மெலிந்தவை. 0.8 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியைக் கைத்துரப்பணத்தில் பூட்டிச் சுழற்றி, அரத்தை மெல்லச் சாய்த்துப் பிடித்தால் அந்தச் சரிவு கிடைக்கும். பிறகு பலகையில் ஆணிகளை வளைவு வரிசையாக அடித்து, காய்ச்சி இளக்கிய கம்பியை அவற்றின்மேல் வளைத்தால் எல்லாக் கைகளும் ஒரே வளைவில் வரும். படகு ஒன்றுக்கு இரண்டு கைகள். ஒவ்வொரு கையிலும் கப்பிகளும் கயிறும்.

எத்தனை படகுகள் என்பதில் மட்டும் நம் ரசனைக்கு இடமில்லை. புகைப்படத்தில் எண்ணியது எத்தனையோ அத்தனைதான். அழகுக்காக ஒன்று கூட்டுவதும் சோம்பலால் ஒன்று குறைப்பதும் இந்தக் கப்பலைப் பற்றிப் பொய் சொல்வதாகும். ஏன் என்று விளக்க வேண்டும்.

1912இல் டைட்டானிக் மூழ்கியபோது அதில் சுமார் 2,200 பேர் இருந்தார்கள். 20 படகுகளில் 1,178 பேருக்குத்தான் இடம். உலகம் அதிர்ந்தது. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒப்பந்தம் பிறந்தது. 1929இல் அது விரிவான வடிவம் பெற்றது. ஆனால் அந்த ஒப்பந்தத்திலேயே ஒரு விலக்கு இருந்தது. படுக்கையில்லாத பயணிகளைப் பெருந்திரளாக ஏற்றும் கப்பல்கள், அதாவது ஹஜ் யாத்திரைக் கப்பல்களும் நம் ரஜூலா போன்றவையும், முழு விதிகளுக்கும் உட்பட வேண்டியதில்லை. அவற்றுக்காக 1931இல் தனியாகச் சிம்லா விதிகள் வகுக்கப்பட்டன. அந்த விதிகளுக்குப் பதிலாகப் புதிய பன்னாட்டு உடன்பாடு வந்தது 1971இல்தான். ரஜூலா ஓடிய காலத்தின் பெரும்பகுதி இந்தச் சலுகையின் கீழ்தான் கழிந்தது. அறையில் பயணம் செய்தவரின் உயிருக்கு ஒரு விதி, பாயில் படுத்தவரின் உயிருக்கு ஒரு விதி. தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் உழைக்க வந்த நம் முன்னோர் அந்த இரண்டாம் விதியின் கீழ் கடல் கடந்தார்கள்.

படகு இருந்தால் மட்டும் போதாது, அது இறங்கவும் வேண்டும் என்பதற்கு ரஜூலாவின் உடன்பிறப்பே சாட்சி. அதே 1926இல் இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில் கட்டப்பட்ட ரோனா, இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களை ஏற்றிச் சென்றது. 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கடலோரத்தில், ஜெர்மானியர்கள் வானொலி அலையால் செலுத்திய குண்டு அதைத் தாக்கியது. அதிலிருந்த 22 படகுகளில் ஆறு வெடிப்பில் அழிந்தன. எட்டு மட்டுமே கடலில் இறங்கின. அவற்றிலும் பல கூட்டம் தாங்காமல் கவிழ்ந்தன. மற்றவை துருவும் பழைய வண்ணமும் இறுகி அசையவில்லை என்று உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். 1,015 அமெரிக்கப் படைவீரர்கள் இறந்தார்கள். கப்பலில் பணிபுரிந்த இந்திய மாலுமிகள் பலரும் அவர்களோடு போனார்கள். கப்பியும் கயிறும் வளைந்த கையும் சேர்ந்துதான் ஒரு படகு உயிர்காப்புப் படகாகிறது. 4 சென்டிமீட்டர் படகுக்கு அரை மில்லிமீட்டர் கப்பி வேண்டுமா என்று யாராவது கேட்டால், ரோனாவின் கதையைச் சொல்லுங்கள்.

ஏணியும் தகரப் பெட்டியும்

நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரையை அணுக முடியாது. கடல் ஆழமற்றது. கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகள் படகில் போய், அலையில் ஏறியிறங்கும் படகிலிருந்து கப்பலின் பக்க ஏணியைப் பிடித்து ஏற வேண்டும். வாழ்நாளில் கடலையே பார்த்திராத உள்நாட்டு ஊர்க்காரர் முதன்முதலாகத் தொட்ட ரஜூலா அந்த ஏணிதான். ஆகவே அதற்கு நேரம் கொடுங்கள். படி ஒன்றுக்கு 1 மில்லிமீட்டர் உயரம். இரண்டு பித்தளைப் பட்டைகளை ஒன்றாக இறுக்கி, சம இடைவெளியில் கீறல் போட்டுப் பிரித்தால் இரு பக்கமும் நேராக ஒத்துவரும். கீறல்களில் தகட்டுப் படிகளைச் செருகி, குறைந்த சூட்டுப் பற்றாசால் ஒரே தடவையில் பற்றவைக்கலாம்.

நங்கூரச் சங்கிலிக்கு நகைக்கடையில் கிடைக்கும் மிக மெல்லிய சங்கிலி உதவும். பெரிய கப்பல்களின் சங்கிலியில் வளையத்துக்கு நடுவே குறுக்குக் கட்டை உண்டு. வெளியே தெரியும் சில வளையங்களில் மட்டும் பற்றாசை ஒரு துளி வைத்துவிட்டால் அந்தத் தோற்றம் வந்துவிடும்.

கடைசியாக நான் சேர்ப்பது எந்தக் கப்பல் வரைபடத்திலும் இருக்காத பொருள்: தகரப் பெட்டி. இரண்டடிப் பெட்டி நமக்கு 3 மில்லிமீட்டர். குளிர்பான டப்பாவின் தகட்டை வெட்டி மடித்து, பச்சையும் நீலமும் கறுப்புமாக வண்ணம் பூசி, தளத்தில் பாய்ச் சுருள்களுக்கு அருகே வையுங்கள். சணல் பைக்கு மாவுப் பட்டி உருண்டை போதும். கப்பல் கட்டும் தளங்கள் முதலாளிகளுக்குச் செய்து கொடுத்த மாதிரிகளில் தளம் எப்போதும் துடைத்து வெறுமையாக இருக்கும். நம் ரஜூலாவின் தளம் அப்படி இருந்ததில்லை. அதில் ஒரு வாரத்துக்கும் மேலாக மக்கள் சமைத்ததை வாங்கித் தின்று, படுத்து, வாந்தியெடுத்து, பாட்டுப் பாடி வந்திருக்கிறார்கள். அந்தப் பெட்டிகள் இல்லாத ரஜூலா கம்பெனியின் ரஜூலா. பெட்டிகள் இருப்பதே நம்முடைய ரஜூலா.

இங்கே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ரஜூலாவின் தளத்தைக் காட்டும் படங்கள் ஆவணக் காப்பகங்களில் குறைவு. அவை உங்கள் வீட்டு ஆல்பங்களிலும் அலமாரிக்கு மேலே கிடக்கும் பழைய பெட்டிகளிலும் இருக்கலாம். வழியனுப்ப வந்தபோது எடுத்த படம், பயணச் சீட்டு, மூலையில் பெயர் எழுதிய தகரப் பெட்டி என எது இருந்தாலும் தூக்கி எறியாதீர்கள். படத்தின் பின்பக்கம் யார், எந்த ஆண்டு, எந்தத் துறைமுகம் என்று பென்சிலால் எழுதிவையுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த வாரமே கேட்டு எழுதுங்கள். கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்திடமோ தேசிய ஆவணக் காப்பகத்திடமோ காட்டிப் பிரதி எடுக்கச் சொல்லுங்கள். மாதிரி செய்பவர்களுக்கு ஒரு படகின் கை எப்படி வளைந்திருந்தது என்பது அதனால் தெரியும். பேரப்பிள்ளைகளுக்கு, தங்கள் குடும்பம் எந்த ஏணியில் ஏறி வந்தது என்பது தெரியும்.

(தொடரும்)